பன்னிரண்டாவது படம்

எழுதத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலையில் நான் கை வைப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் உறவுக்காரர்களுக்குப் போட்ட கார்டுகள்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது யாரோ எங்கள் பழைய எதிர்வீட்டு உபதேசியாரைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். "மொதல்ல காட்டிக்குடுத்தாரு. பொறவு அதையே மாத்திச் சொன்னாரு. ரெண்டுங்கெட்ட மனுஷன்" என்று ஒருத்தி சொன்னாள். நான் பக்கத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எதிரே நின்று பேசினால் உபதேசியார். முதுகுக்குப் பின்னால் 'திருத்தம் ஐயா'.

அவர் மிஷனில் உபதேசியாராக இருந்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் படம் காட்டி வேதக் கதை சொல்வது அவர் வேலை. துணியில் ஒட்டி, மேலும் கீழும் கம்பு வைத்த பன்னிரண்டு படங்கள் அவரிடம் இருந்தன. அவற்றைச் சுருட்டிக் குடையோடு சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். வடக்கே தச்சநல்லூர், கங்கைகொண்டான். தெற்கே உவரிக்கு முந்தின பனங்காட்டு ஊர்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். எங்கள் வீட்டில் அம்மா, நான், எனக்கு நாலு வயது இளைய தம்பி, மூன்று பேர். அப்பா இல்லை. அம்மா மிஷன் ஆஸ்பத்திரிக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். நான் அச்சுக்கூடத்தில் தாள் மடித்துத் தைக்கிற வேலைக்குப் போனேன். தம்பி டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தான்.

ஒருநாள் அம்மா அவருக்கு மதியச் சோறு கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லாருந்துச்சு அக்கா" என்று சொல்லிப் போனார். அரை மணி நேரம் கழித்து வாசலில் இருமல் சத்தம். அவர்தான் நின்றார். சித்திரை மாதத்து வெயில். தலையில் துண்டு.

"ஒரு திருத்தம் அக்கா. நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட."

"இதச் சொல்லவா வந்தீய?"

"ஆமா. சொல்லாம இருந்தா உக்கார முடியல."

அம்மா அவர் போன பிறகு ரொம்ப நேரம் சிரித்தாள். "நல்லவேள, சாப்பிட்ட சோத்தத் திருப்பிக் குடுக்க வரல" என்றாள்.

இன்னொரு சமயம் தச்சநல்லூரில் ஒரு தாயாருக்கு மகனிடமிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறான் என்று சொல்லிவிட்டு நடந்தவருக்கு, ஆற்றுப்பாலத்தில் பாதி தூரம் வந்தபோது, கடிதத்தில் 'அடுத்த வெள்ளிக்கிழமை' என்று இருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. திரும்பி நடந்தார். அந்த அம்மாளுக்கு இது தெரியும்தானாம். கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டாராம். "ஐயா வாசிச்சா இன்னொரு தடவ கேட்ட மாதிரி இருக்கும்னுதான் குடுத்தேன்" என்றாளாம். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

கங்கைகொண்டானில் ஒரு கூட்டத்தில், உவரிக் கரையில் நூறு கட்டுமரம் நிற்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது கரையில் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறார். அறுபத்து மூன்று. உடனே கங்கைகொண்டான் வாத்தியாருக்கு ஒரு கார்டு: 'நூறு அல்ல. அறுபத்து மூன்று. சபையாருக்கு அறிவிக்கவும்.' வாத்தியார் அதை ஞாயிற்றுக்கிழமை வாசித்தாராம். எதில் அறுபத்து மூன்று என்று எழுத அவர் மறந்துவிட்டதால், சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம்.

இப்படிச் சிரிக்கலாம். ஆனால் அம்மா அவரைப் பற்றி வேறொன்றும் சொல்லுவாள். அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள். அவர் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது அம்மாதான் கூட இருந்து பார்த்திருக்கிறாள். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து, "நான் பொழச்சிருவேனா?" என்று கேட்டாளாம். அவர், "டாக்டர் இல்லைன்னுட்டாரு" என்றாராம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், உயிரோடு இருந்த மிச்ச இரண்டு நாளும் அவரிடம் பேசவில்லை.

"நீ பொழச்சிருவன்னு ஒரு சொல்லு சொன்னா என்ன, வானமா இடிஞ்சிரும்?" என்று அம்மா கேட்பாள்.

அவரே ஒருமுறை என்னிடம், கேட்காமலே, "அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, தாயி. அத மட்டும் திருத்த முடியல" என்றார். எதைத் திருத்த முடியவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டில் பதினொன்று வர்ணப் படங்கள். பன்னிரண்டாவது மட்டும் கறுப்பு மையில் அச்சடித்தது. சீமையிலிருந்து பழந்துணியும் புத்தகமும் வந்த ஒரு பெட்டியின் அடியில் கிடந்ததாம். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுத்த படம் என்று எங்கள் அச்சுக்கூடத்தில் சொன்னார்கள். முழுக்க மெல்லிய கோடுகள். மூக்கு படுகிற மாதிரி கிட்டே போனால் கோடு மட்டும்தான் தெரியும். பத்தடி தள்ளி நின்றால் கோடுகள் சேர்ந்து முகமாகும், மதிலாகும், புகையாகும்.

ஒரு கோட்டை வாசல். இறகு வைத்த தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு படைத்தலைவன் குனிந்து நிற்கிறான். நீட்டிய கையில் பெரிய சாவிக்கொத்து. எதிரே உயரமான ஒருவன் அதை வாங்கக் கை நீட்டுகிறான். பின்னால் தரையில் ஒரு சிப்பாய் கிடக்கிறான். பக்கத்தில் கவிழ்ந்த முரசு. கிடக்கிறவனின் கண்கள் திறந்து படைத்தலைவனின் முதுகைப் பார்க்கின்றன.

எங்கள் ஊரில் படம் என்றால் வேதப் படம்தான். வேறு படம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? வேலைக்காரன் நோயாய்க் கிடந்ததற்காக ஆண்டவரிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பிய படைத்தலைவன் ஒருவன் வேதத்தில் வருகிறான். இவன் அவன்தான் என்று உபதேசியார் முடிவு செய்துவிட்டார். கீழே கிடக்கிறவன் நோயாளி வேலைக்காரன். எதிரே நிற்கிறவன் தூது போகிற சிநேகிதன். சாவி, வீட்டுச் சாவி.

"பாருங்க, எம்புட்டுப் பெரிய அதிகாரி. ஒரு வேலைக்காரப் பயலுக்காகத் தொப்பியக் கழட்டிக் குனிஞ்சு நிக்கான். கிட்ட வந்து பாக்காதீய. தள்ளி நின்னு பாருங்க. தள்ளி நின்னாத்தான் மனுஷன் தெரிவான்" என்பார். வயலில் கூலிக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தின் முன்னால் அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு படங்களில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒரு மழைக்காலத்தில் கீழ்க்கம்பு இற்றுப்போக, புதுத்துணியில் ஒட்டித் தரும்படி அதை என்னிடம் கொடுத்தார். கம்பைப் பிரித்தபோது உள்ளே மடங்கியிருந்த படத்தாளின் அடி ஓரம் விரிந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு வரி. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், முழு அர்த்தம் தெரியாது. ஒரு துண்டுச் சீட்டில் பார்த்து எழுதிக்கொண்டுபோய், என் பழைய பள்ளிக்கூட டீச்சரிடம் காட்டினேன். அவர் சொன்னார்: "தான் காக்க வேண்டிய கோட்டையை, சண்டை நடக்கும்போதே, ஒரு தளபதி எதிரிக்குக் காட்டிக்கொடுக்கிறான்."

நான் வீட்டுக்கு வந்து, தாளை முன்போலவே மடித்து, பசை தடவி, புதுக்கம்பு வைத்து ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வயதில் பெரியவரிடம் 'நீங்கள் சொல்வது தப்பு' என்று எப்படிச் சொல்வது? கூச்சம். உப்புக்காக வெயிலில் திரும்பி வந்தவரிடம் அதைச் சொல்லாமல் இரண்டு வருஷம் எதிர்வீட்டில் இருந்தேன்.

இதற்கு நடுவில்தான் டவுனில் கலகம் வந்தது. கடைகளை அடைத்துவிட்டுக் கூட்டம் கூட்டமாய்ப் போனார்களே, கட்டடங்களுக்குத் தீ வைத்தார்களே, அந்த நாள். எங்கள் தெருவிலிருந்தே ஆற்றுக்கு அப்பால் புகை தெரிந்தது. தம்பி பொழுது சாயும் நேரத்தில் சட்டை கிழிந்து வந்தான். காலையில் அம்மா அவனிடம் ஒரு கருப்பட்டி வாங்கிவரச் சொல்லியிருந்தாள். "வாங்கினேம்மா. போலீசு வெரட்டுனதுல அது பாலத்துக்கிட்ட விழுந்துருச்சு" என்றான். பாலத்தின் அந்தக் கரையில் ஒரு போலீஸ்காரருக்குக் கல்லடி பட்டு மண்டை உடைந்தது என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். நாலாம் நாள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

உபதேசியார் அன்று தச்சநல்லூரிலிருந்து பாலம் வழியாகத்தான் திரும்பியிருந்தார். அவர் ஏதோ பார்த்திருக்கிறார் என்று அம்மாவுக்கு அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தெருவுக்கு விசாரிக்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போய் வாசல்படியில் நின்றேன்.

"ஐயா, நீங்களாப் போயி ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"நானாப் போக மாட்டேன் அக்கா. கேட்டாச் சொல்லுவேன்."

"கேட்டா, பாக்கலன்னு சொல்லுங்க."

"பாத்தேனே."

"அப்பன் இல்லாத பய. ஒரு வார்த்தைதான ஐயா."

"ஒரு வார்த்தைதான் அக்கா. அத எங்க கொண்டுபோயி நான் திருத்துவேன்?"

அம்மா அவர் காலில் விழப்போனாள். அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அதை நான் பார்த்தேன். ஆனால் அவர் வேறு பதில் சொல்லவில்லை.

மறுநாள் தெருவில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். தம்பியையும் இரண்டு காவலர்களோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உபதேசியாரே, கலகத்தன்னைக்கு நீரு பாலத்தக் கடந்தீரா வே?"

"கடந்தேன்."

"எத்தன மணிக்கு?"

"மூணு இருக்கும். இல்ல, மூணரை."

"இந்தப் பயலப் பாத்தீரா?"

"பாத்தேன். அந்தக் கரையில, கூட்டத்துக்குள்ள."

"கையில என்ன வச்சிருந்தான்?"

"கல்லு மாதிரி."

"மாதிரிங்கிறத எழுத முடியாதுவே. கல்லா, இல்லையா?"

அவர் கண்ணை மூடினார். "கல்லு" என்றார்.

"கருப்பட்டிங்கய்யா. எங்கம்மா வாங்கிட்டு வரச் சொன்ன கருப்பட்டி" என்று தம்பி கத்தினான். காவலர் ஒருவர் சிரித்தார்.

கோர்ட்டிலும் உபதேசியார் கல்லு என்றே சொன்னார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது பத்து ஊருக்குத் தெரியும், எங்கள் தரப்பு வக்கீலுக்கும் தெரியும். குறுக்குக் கேள்விகூட அதிகம் கேட்கவில்லை என்றார்கள். தம்பிக்கு இரண்டு வருஷம் போட்டு வடக்கே ஒரு பெரிய ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அங்கே கல் உடைக்கிற வேலை. அந்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை.

அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். தெருவில் வேறு சிலரும் நிறுத்தினார்கள். அவர் சனிக்கிழமைதோறும் எங்கள் வாசலில் வந்து நின்று இருமுவார். அம்மா உள்ளே போய்விடுவாள். சிறிது நேரம் நின்றுவிட்டுப் போவார். அடுத்த சனிக்கிழமையும் வருவார்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பகல், அவர் நனைந்துபோன படங்களைத் தன் வீட்டு மதிலில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். கோட்டைச் சாவிப் படம் நடுவில் தொங்கிற்று. நான் அச்சுக்கூடத்திலிருந்து வந்தவள், வீட்டுக்குள் போகாமல் அவரிடம் போனேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் வந்தது, அதுவும் இதைச் சொல்வதற்காக.

"இந்தப் படத்துல நிக்கிறது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்றேன்.

அவர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் கீழ்க்கம்பைப் பிடித்து இழுத்தேன். நான் அடித்த ஆணிதான், வந்துவிட்டது. மடிந்திருந்த தாளை விரித்துக் காட்டினேன்.

"இவன் நீங்க சொல்லுத ஆளு இல்ல. கோட்டையக் காட்டிக்குடுத்தவன். ஊரு ஊராப் போயி எல்லாரையும் இவனப் பாத்து அழ வச்சீய. எங்க வீட்டையும் அழ வச்சீய. ஒங்க படத்தத்தான் நீங்க தூக்கிட்டு அலையுதீய."

அவர் குனிந்து அந்த வரியை விரலால் தடவினார். அவருக்கு இங்கிலீஷ் என்னைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். பிறகு பத்தடி பின்னால் போய் நின்று படத்தைப் பார்த்தார். பிறகு மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே வந்து பார்த்தார்.

"நீ எப்பத் தாயி பாத்த?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே, "பன்னெண்டு வருஷம் பாத்திருக்கேன்" என்றார். "தெனம் பாத்ததே இப்பிடித் தப்புன்னா, பாலத்துல நான் ஒரு நிமிசம் பாத்தது என்ன?"

படத்தை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒந்தம்பி கையில இருந்தது என்ன தாயி?"

"கருப்பட்டி" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

அன்றே அவர் போலீஸ் கச்சேரிக்குப் போனார். இன்ஸ்பெக்டர், "அன்னைக்குக் கல்லுங்கிறீரு, இன்னைக்குக் கருப்பட்டிங்கிறீரு, நாளைக்கு வந்து பணியாரம்பீரோ? போம்வே" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கோர்ட்டில் மனு எழுதிக் கொடுத்தார். வாங்கவில்லை. தீர்ந்த கேஸ் என்றார்கள். பிறகு ஊர் ஊராகக் கிளம்பினார். அந்தப் படத்தைக் காட்டிக் கதை சொன்ன ஒவ்வொரு ஊருக்கும் போய், "ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்து, படத்தில் இருப்பவன் துரோகி என்று சொல்லுவார். கூடவே, "நான் கல்லுன்னு சாட்சி சொன்னேன். கல்லுன்னு இனி என்னால சொல்ல முடியாது. கருப்பட்டியாத்தான் இருக்கும்" என்பார். கங்கைகொண்டானில் ஒரு பெரியவர், "படத்துல இருக்கவன் கெட்டவன்னா இருந்துட்டுப் போறான் ஐயா. நீங்க சொன்ன ஆளு நல்லவன்தான? அவன நாங்க வச்சிக்கிடுதோம்" என்றாராம். சில ஊர்களில் சிரித்தார்கள். சில ஊர்களில் அவருடைய மற்றப் படங்களையும் நம்ப மறுத்தார்கள்.

இது அம்மா காதுக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் வந்து இருமியபோது அம்மா கதவைத் திறந்தாள்.

"கருப்பட்டின்னு எல்லா ஊர்லயும் சொன்னீயளா?"

"சொன்னேன் அக்கா."

"உள்ள வாங்க."

அதற்குப் பிறகு அம்மா கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள். மகன் ஜெயிலில் இருக்கிறான், ஆனால் ஒரு தப்பும் செய்யாமல் இருக்கிறான். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு, அவன் வருகிற வரைக்குமான மீதி நாட்களைக் கழித்தாள். சந்தையில் யாராவது ஏதாவது சொன்னால், "உபதேசியாரே திருத்திட்டாரு, ஒனக்கென்ன?" என்பாள்.

தம்பி திரும்பி வந்தபோது நெஞ்சில் கல் தூசி இருந்தது. இருமல். எலும்பும் தோலும். உபதேசியார் வந்தால் போர்வையை முகத்தில் இழுத்துக்கொள்வான். அவர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். இப்படி ஏழெட்டு மாதம். ஒருநாள் பிற்பகல், அம்மா மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன சமயத்தில், "எக்கா, எதிர்வீட்டு ஐயாவக் கூப்பிடு" என்றான்.

நான் கூப்பிட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். கஞ்சி அடுப்பில் இருந்தது.

"ஊர் ஊராப் போயிக் கருப்பட்டின்னு சொல்லுதீயளாமே" என்றான் தம்பி.

"சொன்னேன், தம்பி."

"கல்லுதான்."

நான் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"கருப்பட்டி வாங்கத்தான் போனேன். கடை அடைச்சிருந்துச்சு. கூட்டத்துல நின்னேன். ஒருத்தன் கையில கல்லக் குடுத்தான். எல்லாரும் எறிஞ்சாங்க, நானும் எறிஞ்சேன். எங் கல்லுதான் அவரு மேல பட்டுச்சு. நான் பாத்தேன்." நடுநடுவே இருமினான். "அவரு பொழச்சாரா?"

"பொழச்சாரு. ஒரு கண்ணு போச்சு."

நான் கஞ்சிப் பானையை இறக்கிக் கீழே வைத்தேன்.

"நீங்க பாத்தது சரிதான். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அம்மாகிட்டச் சொல்லிராதீய."

"கேட்டா?"

"கேக்கத்தான் செய்வா" என்றான் தம்பி.

அம்மா மருந்துப் புட்டியோடு உள்ளே வந்தபோது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் கை அவர் கையில் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவர் எழுந்து வெளியே வந்தார். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். அடுக்களை வாசலில் நான் நின்றேன்.

"பேசிட்டானா? என்ன சொன்னான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் காதில் வாங்கிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கருப்பட்டிதான்னு சொன்னான் அக்கா" என்றார்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வாசலிலேயே நின்றேன். உப்புக்கு அரை மணி நேரத்தில் வந்தவர். பாதிப் பாலத்திலிருந்து திரும்பி நடந்தவர். இப்போது வந்துவிடுவார், வந்து இருமுவார், 'ஒரு திருத்தம் அக்கா' என்பார் என்று அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தெருவில் மாடுகள் திரும்பின. அம்மா உள்ளே விளக்கு ஏற்றினாள். தம்பியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை.

தம்பி அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தான். அம்மா இருபது வருஷம் இருந்தாள். அவள் போகிற வரைக்கும் அது கருப்பட்டிதான். நானும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கருப்பட்டி என்று அம்மாவிடம் சொன்னதற்கு மறுநாள் காலையில் அவர் மிஷன் அலுவலகத்துக்குப் போய், உபதேசியார் வேலை இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பதினோரு படங்களை ஒப்படைத்தார். பன்னிரண்டாவது தன்னிடம் இருக்கிறது, அதைத் தரவில்லை என்று அவரே சொல்லி, அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.